கொக்கியில் அடித்த பேர்

– உட்கார்ந்து பேசுங்க பெரியப்பா.

– நான் நின்னுதான் பேசுவேன். ரெண்டு கம்பியைத் தொட்டு வெச்சு, இரும்புக்கு நாடி பார்த்தியாக்கும்?

– நாடிதான். மின்சாரம் உள்ளே எப்படி ஓடுதுன்னு மீட்டர் காட்டும். உலையில சூடு ஏத்தி ஆற வெச்சப்போ தப்பு நடந்திருந்தா, எண் மாறும். நம்ம பட்டறையில செஞ்ச கிரேன் கொக்கியில மாறியிருக்கு.

– எண்ணாம் எண்! உங்க தாத்தா சம்மட்டியால அடிச்சு, உடையலைன்னாத்தான் நம்ம பேரைப் பொறிப்பாரு.

– அடிச்சும் பார்த்துட்டேன். கிடங்குல மிஞ்சியிருந்தது, ஓடு மாதிரி ரெண்டாப் போச்சு. மீதியெல்லாம் வித்துப் போய் மூணு கம்பெனி யார்டுல கிரேன்ல தொங்குது. கீழே ஆளுங்க நிக்கிறாங்க.

– தெரியும். அதனாலதான் நேத்து உன்கிட்ட ஒரு நாள் பொறுன்னேன்.

– நீங்களே சொல்லி இறக்க வைப்பீங்கன்னுதானே பொறுத்தேன்?

– நேத்து சாயங்காலமே மூணு இடத்துக்கும் ஆள் அனுப்பினேன். எண்ணெய் போட வந்திருக்கோம்னு சொல்லச் சொல்லி.

– கழட்டிட்டாங்களா?

– கழட்டினா ஊர் சிரிக்கும். கிரைண்டர் வெச்சுப் பேரை வழிச்சு எடுத்தாச்சு. இனி புதுசு அடிச்சு, சத்தமில்லாம ஒவ்வொண்ணா மாத்திடுவேன். குடும்பத்து மேல தூசு விழாது.

– எதைன்னு மாத்துவீங்க? எல்லா கம்பெனிக் கொக்கியும் ஒரே வளைவு, ஒரே பெயிண்ட். பேரை விட்டா வேற அடையாளம் ஏது?

– உன் மீட்டர் எதுக்கு இருக்கு?

– இப்பத்தான் அது கண்ணுல பட்டுதா? தொட்டுப் பார்க்கவே கொக்கியைக் கீழே இறக்கணும், பெரியப்பா. காலையில மூணு இடத்துக்கும் போன் பண்ணேன். நம்ம பேர் இருக்கிறதை மட்டும் இறக்குங்கன்னு.

– என்னைக் கேக்காமயா?

– கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?

– ...அந்த நாற்காலியை இப்படி இழு.

– உட்காருங்க. தண்ணி குடிங்க.

– தண்ணி கிடக்கட்டும். மறுபடி கூப்பிடு. தொங்குற எல்லாத்தையும் இறக்கச் சொல்லு. என் பேரைச் சொல்லு. நான்தான் அழிச்சேன்னும் சொல்லு.

– போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. மூணு இடத்துலேர்ந்தும் வாய்ஸ் மெசேஜ்தான் வந்து கிடக்கு. காலையில ஏணி போட்டு ஒவ்வொரு கொக்கியையும் பார்த்தாங்களாம். 'உங்க பேர் ஒண்ணுலயும் இல்லம்மா, தப்பிச்சோம்'னு சிரிச்சுட்டு, நிறுத்தி வெச்சிருந்த ஆளுங்களையெல்லாம் கீழே வேலைக்கு அனுப்பிட்டாங்க.