சனியில் மாடு மேய்த்தவன்

...இல்ல காக்கா, அண்ணன் மாதிரி இரிக்கிற உங்களிட்ட நான் கத்துவனா? என்ட குரலே இப்படித்தான். அந்தத் துருத்திய கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஏறாவூரில இத்தின வருசமா மாட்டுக்குக் குறிவைக்கிற சூட்டுக்கோல் அடிக்கிற கொல்லன் நீங்க. என்னக் கட்டப்போற இராசதுரை மச்சான் ஒரு கடதாசிய நீட்டினா உடனே அடிச்சிக் குடுக்கிறதா? வட்டம், குறுக்கால ஒரு வளையம். எந்தத் தாய்வழிக் குடிக்கு இப்படிக் குறி இரிக்கி? ஒரு வார்த்த கேக்கப்படாதா?

ஓம், சனிக்கிரகம்தான் அது. முழிக்காதீங்க.

எல்லாம் அந்தப் புத்தகத்தால. பட்டாளத்து முகாமுக்குத் தயிர் கொண்டுபோன அம்மாட்ட ஒரு வெள்ளக்காரச் சிப்பாய் குடுத்தது. அட்டையில ஒருத்தன். பெரிய தொப்பி, இடுப்பில துவக்கு, கையில கயிறு. பறக்கிற கப்பல்ல ஏறிச் சனிக்குப் போயிரிக்கான். போய்? மாடு மேய்க்கிறான்! அவ்வளவு தூரம் போய்! நம்மட ஆக்கள் சனி மாறினா எள்ளெண்ணெய் எரிக்கிறாங்க, இவன் அங்கயே பட்டி கட்டிட்டான். மாட்டுக்கு ஆறு கால். வெயில் எட்டாத இடமாம், ஆனாலும் தொப்பியக் கழட்டமாட்டான்.

அங்க பச்ச நிறத்தில ஆக்கள் இரிக்காங்க காக்கா. முதல்லேருந்தே இரிக்காங்க. அப்ப அந்த மாடு ஆருட? துவக்கு வச்சிரிக்கிறவன் மாட்டுக்குக் குறி சுட்டா அது அவன்டயாம். இதச் சொன்னா, 'உனக்கு விளங்காது' எண்டான் இராசதுரை. மிசன் பள்ளியில ஏழாம் வகுப்பு வரைக்கும் படிச்ச எனக்கு விளங்காதாம், மூணாம் வகுப்பில ஓடினவனுக்கு விளங்குமாம். அந்த இங்கிலீச வாசிச்சுச் சொன்னதே நான்!

மறுகா என்ன, இவனும் பனையோலையில தொப்பி பின்னினான். எருமையில ஏறி வயல் வட்டையச் சுத்திக் காவல் பாக்கப் போனான். எருமை சேத்தில படுத்திட்டு. மத்தியானம் வரைக்கும் அதுக்கு மேலயே இருந்தான், தொப்பியோட.

அதோட நிண்டிருந்தாப் பரவால்ல. என்ட சீதனத்துக்கு அம்மா ஒதுக்கின ஆறு மாட்டுக் கண்டிலயும் இப்ப அந்தச் சூடு. குடிக்குறி தாய்வழியா வாறது, சின்னப்புள்ளக்கும் தெரியும். தெரியாத குறியக் கண்டா ஊர் சும்மா விடுமா? எங்கட குடிக்குப் பெரியவர், என்ட மாமன் வேலப்போடி, மாட்டுக்கள்ளன் எண்டு இராசதுரையப் பிடிச்சு ஊர் விதானையார்ட வளவில இருத்திட்டார். பின்னேரம் பொலிசு வரும். ஆவணியில எங்களுக்குக் கலியாணம். அவனெண்டா வாயே தொறக்கான் இல்ல. புத்தகத்து மனிசன் ஆரையும் காட்டிக் குடுக்கமாட்டானாம். மொக்கன்!

...என்ன கேட்டீங்க? ஆரக் காட்டிக் குடுக்கிறதா?

அந்தக் கடதாசி இரிக்கா காக்கா? எடுங்க. இவ்வளவு வடிவா வட்டம் கீற அவனுக்கு ஏலுமா? நான்தான் கீறி, கீழ அளவும் எழுதினன். கோலப் பழுக்கக் காச்சிச் சூடு வச்சதும் நான். அவன் கண்டுகளப் பிடிச்சான், அவ்வளவுதான்.

இன்னொண்டு. புத்தகத்தில அவன் வெறும் கூலிக்காரன். முதலாளிட குறியத்தான் போடுறான். தனக்கெண்டு ஒரு குறி வச்சான் எண்டது நான் சேத்தது. பின்ன? மாடு குடிட, வளவு குடிட, நானும் குடிட. ஒண்டாவது என்ட எண்டு இரிக்கட்டுமே எண்டுதான்.

நான் போய்ச் சொன்னா, கட்டிக்கப்போறவனுக்காகப் பொய் சொல்றாள் எண்டுவாங்க. கடதாசியில என்ட எழுத்து இரிக்கி, நீங்க வந்து காட்டுங்க. மாமன் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். சட்டையப் போடுங்க காக்கா, பொலிசு வர முதல் போவணும்.

புத்தகத்து மனிசன் வெறும் கூலிக்காரன் எண்டத மட்டும் இராசதுரைக்குச் சொல்லிப்போடாதீங்க.