கேரியர் என்றொரு சொல்

ஈஜிபுரா தமிழ் மன்றத்தின் எழில்மிகு ஆண்டுவிழாவுக்குத் தலைமை ஏற்று, எனக்கு முன்னே பேசியவர்கள் நேரத்தையெல்லாம் விழுங்கிவிட்ட பிறகும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் பெரியவர் திரு. அனந்தபத்மநாபன் அவர்களே, மேடைக்கு மெருகூட்டும் மன்றத்தின் பொறுப்பாளர்களே, பீன்யா தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடித்து முகம் கழுவிய கையோடு வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே, தமிழ் கேட்க வந்திருக்கும் கன்னடத்துச் சகோதரர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே, அணைத்தோமா இல்லையா என்று இந்த நொடியில் யோசிக்கத் தொடங்கியிருக்கும் அன்னையர்களே, உங்கள் அனைவருக்கும் அலர்மேல்மங்கையின் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ‘தாய்மையும் அறிவியலும்’. தாய்மையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாகத் தாமும் அழுது உங்களையும் அழவைத்துவிட்டுப் போவார்கள். நான் அதற்கு வரவில்லை. நான் ஆய்வகத்துக்காரி. குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்றில், கண்ணாடிக் கிண்ணத்தில் கருவாகி, கண்ணுக்கே தெரியாத அளவில் வளரும் உயிர்களைக் கருவியில் பார்ப்பதும், பார்த்ததைப் பெற்றவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் என் தொழில். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நான் சொல்லப்போவது ஒரு சொல்லின் கதை. நாம் எல்லோரும் நாள்தோறும் தூக்கிச் சுமக்கும் சொல். சைக்கிளில் மாட்டும் சொல். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளும் சொல். கேரியர்.

இதே ஈஜிபுராவில் ஒரு குடும்பம். ‘பேரைச் சொல்லியே பேசு, நாங்க என்ன திருடிட்டா வந்தோம்’ என்று அந்த வீட்டு அம்மாள் உத்தரவு போட்டிருப்பதால் பெயரோடு பேசுகிறேன். அந்த அம்மாள் காந்தா. அவருடைய மகன் சீனு, பீன்யாவில் சூப்பர்வைசர். சீனுவின் மனைவி மகா, காக்ஸ் டவுனில் பள்ளி ஆசிரியை. மகா யார்? காந்தா அம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் நாராயணசாமியின் மகள். அத்தை மகனுக்கு மாமன் மகள். உறவு விட்டுப் போகக் கூடாது என்று தொட்டிலிலேயே பேசி முடித்த கல்யாணம். உறவு விட்டுப் போகவில்லை. உறவோடு ஒட்டி வந்த ஒன்றும் விட்டுப் போகவில்லை.

முதல் பிள்ளை பிறந்தான். அர்ஜுனன் என்று பெயர் வைத்தார்கள். வில்லைத் தூக்கியவனின் பெயர். இந்தப் பிள்ளையால் தன் கழுத்தைத் தூக்க முடியவில்லை. சிரித்தான், கண்ணால் எல்லோரையும் தேடினான், கைகால் மட்டும் துவண்டுகொண்டே போயின. தசைக்குக் கட்டளை தரும் நரம்பு செல்கள் சிதைந்துபோகும் நோய் அது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே மூச்சு நின்றது.

அம்மா, அங்கே கண்ணைத் துடைக்கிறீர்கள். வேண்டாம். கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகிவிடுமோ என்று கேட்டுக்கொண்டு சீனுவும் மகாவும் எங்களிடம் வந்தார்கள். இரத்தத்தைச் சோதித்தோம். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார், இருவருமே கேரியர் என்று. மகா வெளியே வந்து, அழுகையும் விக்கலுமாக அத்தைக்குப் போன் போட்டாள். ‘டாக்டர் நாங்க ரெண்டு பேருமே கேரியருங்கிறாரு அத்தை’ என்றாள். அந்தப் பக்கம் குக்கர் விசில். காந்தா அம்மாளின் காதில் விழுந்தது என்ன? ரெண்டு பேருக்கும் கேரியர். ஆஸ்பத்திரியில் தங்க வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்று எண்ணி, நாலடுக்குக் கேரியரில் பிசிபேளே பாத், பொரியல், தயிர் சாதம், ஊறுகாய் எல்லாம் கட்டி, ஆட்டோ பிடித்து, என் மேசையின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், அவரும் பிற்பாடு சிரித்தார். ஆனால் அந்தக் கேரியர்தான் அன்று எனக்குக் கரும்பலகை. அதைத் திறந்து, இரண்டு கிண்ணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். நம் உடம்பில் இந்த மரபணு இரண்டு கிண்ணமாக இருக்கிறது. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்று ஊசிப்போனாலும் மற்றது நன்றாக இருந்தால் பசி ஆறிவிடும். ஊசிப்போனது இருப்பதே ஆயுசுக்கும் தெரியாது. அப்படி இருப்பவர்தான் கேரியர். அவருக்கு நோய் கிடையாது. ஆனால் பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுக்க வேண்டுமே? இருவர் கையும் ஊசிப்போனதன்மேலேயே பட்டுவிட்டால், அதுதான் அர்ஜுனன்.

காந்தா அம்மாள் கேட்டார். கேட்டு முடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ‘எங்க பக்கத்துல இந்த மாதிரி யாருக்கும் இல்லியே’ என்றார்.

அன்பர்களே, எந்தப் பக்கம்? அண்ணன் பெற்ற பெண்ணை அருகில் வைத்துக்கொண்டு ‘எங்க பக்கம்’ என்றால், அது எந்தப் பக்கம்? அந்த வீட்டில் பக்கம் என்று ஒன்று உண்டா? சுற்றிச் சுற்றி வந்தாலும் அதே வாசல், அதே வம்சம், அதே இரத்தம். அண்ணன் தங்கை இருவரையும் சோதித்தோம். நாராயணசாமி கேரியர். காந்தா அம்மாளும் கேரியர். ஒரே வீட்டிலிருந்து ஆளுக்கு ஒன்றாக வாங்கி வந்து, ஒருவர் மகனுக்கும் மற்றவர் மகளுக்கும் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னபோது, தனக்கு ஒரு நோயும் இல்லை, கல்லு மாதிரி இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

சொந்தத்தில் மணந்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இந்தப் பந்தலில் பாதிப்பேர் சொந்தத்தில் மணந்தவர்கள்தான். அடி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை.

சரி, விஞ்ஞானம் என்ன செய்கிறது? மனைவியின் கருமுட்டையும் கணவனின் விந்தணுவும் ஆய்வகத்தில் சேர்கின்றன. கருக்கள் வளர்கின்றன. ஒவ்வொரு கருவிலிருந்தும் ஒரே ஓர் உயிரணுவை எடுத்துச் சோதிக்கிறோம். எந்தக் கருவுக்கு நோய், எந்தக் கருவுக்கு இல்லை என்று பார்த்து, நோயில்லாததைத் தாயின் கருப்பையில் சேர்க்கிறோம். எடுத்தவுடன் கிடைத்துவிடும் வரம் அல்ல இது. ஊசிமேல் ஊசி. மாதக்கணக்கில் மருந்து. அத்தனையும் அந்தப் பெண்ணின் உடம்பில்.

என்ன கேட்கிறீர்கள்? பின்னாலிருந்து ஒருவர்... ஆணா பெண்ணா என்றும் பார்த்துச் சொல்வீர்களா என்கிறார். ஐயா, பிறக்குமுன் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தூங்கினாலும் நான் சொல்ல மாட்டேன். உட்காருங்கள்.

மகாவின் கருக்கள் சோதனைக்குப் போயின. சில பாதியிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. மற்றவற்றில் இரண்டு கிண்ணமும் ஊசிப்போயிருந்தன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதில் ஒரு கிண்ணம் நல்லது, ஒரு கிண்ணம் ஊசியது. கேரியர்.

அவளுடைய உடம்பு இன்னொரு முறை இத்தனையும் தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். அந்த ஒரு கருவைச் சேர்த்தால் உண்டு. விட்டால் ஒருவேளை எப்போதுமே இல்லை. சீனு, மகா, காந்தா அம்மாள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இந்தக் கரு பிள்ளையானால் அர்ஜுனனுக்கு வந்த நோய் வராது என்றும் சொன்னேன்.

காந்தா அம்மாள் தலையை ஆட்டினார். ‘கேரியர்னு தெரிஞ்சே வெப்பாங்களா டாக்டரம்மா? அது வேணாம். நல்லதா ஒண்ணு வரட்டும், காத்திருக்கலாம்’ என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஊரில் வெள்ளைக் கோட்டு போட்டவள் எல்லாம் டாக்டரம்மாதான். சீனு தரையைப் பார்த்தார். அம்மா சொல்வதும் சரியென்றே படுகிறது என்று மெல்ல முணுமுணுத்தார். ஒரு பிள்ளையைத் தன் தோளிலேயே சாகக் கொடுத்தவர் அவர். அவர் பயத்தை நான் பழிக்க மாட்டேன். விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று வாயெடுத்தேன்.

மகா என்னைக் கையமர்த்தினாள். அத்தையின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

‘அத்தை, நீங்க கேரியர். எங்கப்பா கேரியர். நான் கேரியர், இவரும் கேரியர். இந்த ரூம்ல கேரியர் இல்லாம ஒக்காந்திருக்கிறது டாக்டரம்மா ஒருத்தங்கதான். அவங்களயும் இன்னும் டெஸ்ட் பண்ணல. நல்லதா வரட்டும்னு சொல்லி, நம்மள்ல யாரை வேணாம்னு விட்டிருப்பீங்க?’

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கன்னடத்தில் கூப்பிடுவது கேட்டது. எத்தனையோ குடும்பங்களோடு எத்தனையோ முடிவுகளைப் பேசியிருக்கிறேன். அன்று பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

காந்தா அம்மாள் மருமகளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: ‘அப்ப அது நம்ம வூட்டுப் புள்ளதான்னு சொல்லு.’

மறுநாள் அந்தக் கருவைச் சேர்த்தோம்.

அவையோரே, நான் கேட்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கத்தானே கருவி வாங்கினோம்? குற்றம் கண்டுபிடிக்கவா வாங்கினோம்? ஒரு பிள்ளை படப்போகும் வதையைத் தடுக்கத்தானே சோதனை செய்தோம்? வடு ஒன்றுமே இல்லாத வாரிசை வடிகட்டவா செய்தோம்? ஊசிப்போன கிண்ணம் ஒன்றுகூட இல்லாத உடம்பு உலகத்தில் உண்டா? தேடிப் பார்த்தால் நம் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு மரபணுவில் ஒரு கோளாறு உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத் தெரியாது, அவ்வளவே. தலைமை தாங்கும் தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும், தாங்களும் ஏதோ ஒன்றுக்குக் கேரியர். மைக் கட்டிய தம்பி கேரியர். ஆணா பெண்ணா என்று கேட்ட ஐயா கேரியர். பேசிக்கொண்டிருக்கும் நானும் கேரியர். இந்தப் பந்தலில் கேரியர் அல்லாதவர் எவரேனும் இருந்தால் எழுந்து நில்லுங்கள். நின்றவர் மட்டும் சொல்லலாம், அந்தக் கரு வேண்டாமென்று!

நாளைக்கு இந்தச் சோதனை இன்னும் மலிவாகும், இன்னும் எளிதாகும், இன்னும் ஆயிரம் குறைகளைக் காட்டும். காட்டட்டும். கருவி காட்டும். வேண்டும் வேண்டாம் என்பதைக் கருவி சொல்லாது. அதை ஒரு வீடு உட்கார்ந்து பேசித்தான் சொல்ல வேண்டும்.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் உங்கள் முகத்தில் எல்லாம் ஒரே கேள்வி நிற்கிறது. கரு தங்கியதா? தங்கியது. கருவுற்ற பிறகு மறுபடியும் சோதித்தோம், முடிவு மாறவில்லை. நோய் இல்லை, கேரியர்.

போன தை மாதத்தில் ஒரு நாள். எங்கள் மருத்துவமனை வரவேற்பில் ஸ்னேஹா என்ற கன்னடத்துப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரே காந்தா அம்மாள் வந்து நிற்கிறார். ஒரு கையில் அதே நாலடுக்குக் கேரியர், உள்ளே சர்க்கரைப் பொங்கல். தோளில் ஒரு பெண் குழந்தை. கழுத்தை விறைப்பாகத் தூக்கி, நாலாபக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது.

யார் வந்திருப்பதாகச் சொல்வது என்று ஸ்னேஹா கேட்கிறாள்.

‘மூணு கேரியர் வந்திருக்கோம்னு உள்ள போய் சொல்லும்மா’ என்றார் காந்தா அம்மாள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியைக் கடைசிவரை அடிக்காத தலைவருக்கும், என் பெயரை அழைப்பிதழில் பிழையில்லாமல் அச்சிட்ட மன்றத்தாருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். அன்னையர் அனைவரும் வீட்டுக்குப் போய் முதலில் அடுப்பைப் பாருங்கள். வணக்கம்.