ஒரு பிடி பொடிச் சாதம்

வெளியூர்ப் பயணம் என்றால் பருப்புப் பொடி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. முப்பத்தொரு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் மைசூர் ராஜ்யம் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்கிறேன். எந்த ஊரிலும் ஹோட்டல் குழம்பைத் தொட்டதில்லை. வெறும் சாதம் வாங்கிக்கொள்வேன், நெய்யும் பொடியும் என்னுடையவை.

இங்கே போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வெங்கடசாமி, "நீங்க சும்மா சொல்லுங்க சார், ரைட்டர் எழுதிக்குவாரு" என்றார். ரைட்டரின் கையெழுத்தைப் பார்த்தேன். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் சீனிவாசராகவன். பெங்களூர் மல்லேசுவரத்தில் சொந்த வீடு. மனைவி கோமளம். ஒரே பெண் அலர்மேல்மங்கை, வீட்டில் அலமு. 1959-ல் அவள் மர்பி டவுன் மைக்கேல்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் தகப்பனார் ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். பையன் டிப்ளமா படித்து மங்களூரில் ஓர் ஐஸ் ஃபாக்டரிக்கு மானேஜராகிவிட்டான். அலமு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு மேரி ஆனாள். இதிலெல்லாம் எனக்குக் கோபம் கிடையாது. கோபக்காரர்கள் கத்துவார்கள். நான் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. மூன்று வருஷம் அவள் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை, அவ்வளவுதான்.

கடிதங்கள் அம்மாவின் பெயருக்குத்தான் வரும். நான் படித்துவிட்டு, கொடுக்கத் தகுந்ததைக் கொடுப்பேன். போன ஆடியில் வந்ததைக் கொடுக்கவில்லை. வீட்டில் இறால் சமைத்தார்களாம். ஒரு வாய் சாப்பிட்டதும் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொண்டதாம். ஊசி போட்டுப் பிழைக்க வைத்த டாக்டர், இன்னொரு தடவை இறால் உள்ளே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றாராம். ஆனால் மீன் ஒத்துக்கொள்கிறது, கவலைப்படாதே அம்மா என்று முடித்திருந்தாள். மீன் ஒத்துக்கொள்கிறதாம்! கோமளம் படித்தால் இதில் எதற்கு முதலில் அழுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும், வந்து பார்க்கிறேன் என்று அவளுக்கு ஒரு கார்டு எழுதினேன். கோமளத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழங்கால் வலியால் அவள் வர முடியாது. இருந்த இடத்திலேயே பருப்பு வறுத்து, பெருங்காயமும் மிளகும் கூட்டிப் பொடி திரித்து, ஒரு சம்புடம் நிறையக் கொடுத்தாள். "அலமுவுக்குப் பொடிச் சாதம்னா உசிராச்சே. மறக்காம உங்க கையால பிசைஞ்சு குடுங்கோ" என்றாள்.

மங்களூரில் அவர்கள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று மைக்கேல்ராஜுக்குத் தெரியும். அதற்காகக் கடற்கரையிலிருந்த பெரிய ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தான். "மாமா, ஒண்ணும் யோசிக்காதீங்க. உங்களுக்குப் புதுப் பாத்திரம், தனி ஸ்டவ். உடுப்பி ஆள ஒருத்தர வரவெச்சிருக்கேன்" என்றான். என்னை மாமா என்று அழைக்கும் உரிமையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது.

அந்த ஹோட்டலைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. வெள்ளை வெளேரென்று மேஜை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, தலைப்பாகை கட்டிய பேரர்கள், ஜன்னலுக்கு வெளியே சமுத்திரம். நடுவில் ஒரு நீளமான தட்டில் மீன்களை ஐஸ் மேல் கிடத்தியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கண் திறந்திருந்தது. கோட்டு போட்ட கனவான்கள் குனிந்து பார்த்து, இது வேண்டும் அது வேண்டும் என்று விரல் நீட்டினார்கள். பக்கத்து மேஜையில் ஓர் அம்மாள் நண்டின் காலைப் பாக்குவெட்டி மாதிரியான எதையோ வைத்து உடைத்து, உள்ளே இருந்ததை உறிஞ்சினாள். முகவாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நாற்றத்தில் நான் வாயால் மூச்சு விட்டேன். வாயால் விட்டால் அது நாக்கில் படிகிற மாதிரி இருந்தது.

மைக்கேல்ராஜ் பேரரை மூன்று தடவை கூப்பிட்டு எச்சரித்தான். "தபாரு, மேடத்துக்கு எறா ஆவாது. எறா பொரிச்ச எண்ணெ, எறா தொட்ட கரண்டி, எதுவும் இந்த டேபிளுக்கு வரக்கூடாது. குக்கு கிட்ட சொல்லு." இப்படி ஒரு ஜாக்கிரதைக்காரன் என் ஆபீஸில் இருந்திருந்தால் பிரமோஷனுக்கு எழுதியிருப்பேன்.

அலமு மீன் சாப்பிட்டாள். என் எதிரில் கூச்சப்பட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டுதான் சாப்பிட்டாள். முள்ளை இரண்டு விரலால் எடுத்துச் சப்பினாள். சின்ன வயதில் முருங்கைக்காயை அப்படித்தான் சப்புவாள். எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. திவ்வியப் பிரபந்தம் சொல்லக் கற்றுக்கொடுத்த வாய் அது.

நான் சம்புடத்தைத் திறந்து, சூடான சாதத்தில் நெய் விட்டுப் பொடி போட்டுப் பிசைந்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பொடியா?"

"உனக்குத்தான்."

அவள் கண் நிரம்பிவிட்டது. "உங்க கையால ஒரு பிடி குடுங்கோப்பா. இருங்கோ, கையெல்லாம் மீன் நாத்தம். அலம்பிண்டு வரேன்" என்று எழுந்து போனாள். சோப்புப் போட்டுக் கழுவி, வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தாள். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் செய்கிற மாதிரியே வலக்கையைக் குழித்து நீட்டினாள். உருண்டை பிடித்து வைத்தேன். மைக்கேல்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான்.

ஒரு வாய் போட்டுக்கொண்டவள் சற்று நிறுத்தினாள். "என் கைல இன்னும் அந்த வாசனை போகலேப்பா. உங்க சாதத்தைப் பாழ் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்கோ" என்றாள்.

"பரவாயில்லை, சாப்பிடு" என்றேன். மிச்சத்தையும் சாப்பிட்டாள்.

பிறகு நடந்தது ஆஸ்பத்திரி ரிக்கார்டில் இருக்கிறது. அவளைக் காரில் ஏற்றும்போதே உதடு வீங்கி, முகம் அடையாளம் மாறியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றது. மைக்கேல்ராஜ் திரும்பி ஓடிப்போய் ஹோட்டல் சமையல்காரனின் சட்டையைப் பிடித்து, "எறா போட்டியாடா? போட்டியாடா?" என்று அறைந்தான். அந்த ஆள் கர்த்தர் மேல் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. பொடிச் சாதத்தை யாரும் விசாரிக்கவில்லை. ஓர் ஐயங்கார் சம்புடத்தில் இறால் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? அவளுக்கே தோன்றவில்லையே.

அது காய்ந்த இறால். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சிவாஜிநகர் மார்க்கெட்டில் வாங்கினேன். விற்றவள், "இன்னா சாமி, வூட்டுக்குத் தெரியாமலா?" என்று சிரித்தாள். ஜன்மத்தில் அப்படி ஓர் அவமானம் பட்டதில்லை. கோமளத்தின் அம்மியையோ உரலையோ நான் தீட்டுப்படுத்தவில்லை. கொல்லையில் ஒரு தனிக் கல்லில் இடித்து, மல் துணியில் சலித்து, பொடியில் சரிபாதி கலந்தேன். கல்லைச் சாங்கி ஏரியில் போட்டேன். பூணூலை மாற்றிக்கொண்டேன். அவளுக்குக் கொடுக்கும்போது என் கை அதில் பட்டது உண்மைதான். கரண்டியால் கொடுத்தால் வாங்கிக்கொண்டிருக்கமாட்டாள். அதற்கும் பிராயச்சித்தம் செய்துவிட்டேன்.

கோமளம் கேட்டது ஒரே கேள்விதான். "பொடிச் சாதம் சாப்பிட்டாளா?" "என் கையால் ஒரு பிடி சாப்பிட்டாள்" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் பொய் சொல்கிறவன் அல்ல.

சமையல்காரன் அஜாக்கிரதைக் கேஸில் ரிமாண்டில் இருக்கிறானாம். அவனுக்காக நான் வரவில்லை. மனசாட்சி உறுத்தி வந்ததாகவும் எழுதிக்கொள்ள வேண்டாம். வந்த காரணம் வேறு.

மைக்கேல்ராஜ் அவளை மங்களூரிலிருந்து தன் ஃபாக்டரி லாரியில், மீனுக்குப் போடுகிற ஐஸை மேலே கொட்டிக் கொண்டுவந்தான். நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஐஸ் கரைந்து வழி முழுக்கச் சொட்டியது, அதே நாற்றம். பெங்களூரில் அவர்கள் குடும்பக் கல்லறையில், தகனம்தான் செய்ய வேண்டும் என்ற என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். சிலுவையில் மேரி என்று எழுதியிருக்கிறது. தகப்பன் என்று சொன்னால் சட்டம் கேட்காதாம், புருஷன்தான் வாரிசாம். வக்கீலிடம் விசாரித்தேன். கொலைக் கேஸ் என்றால் மட்டும் மாஜிஸ்டிரேட் உத்தரவில் தோண்டி எடுப்பார்களாம்.

ஆகவே, என் மகள் அலர்மேல்மங்கையை, இறால் அவளைக் கொல்லும் என்று தெரிந்தே, என் கையால் ஊட்டிக் கொன்றேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். பரிசோதனை முடிந்ததும் உடலை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். சாஸ்திரப்படி கொள்ளி வைத்துப் பதின்மூன்று நாள் காரியம் முடித்தபின் எந்தத் தண்டனைக்கும் தயார். பெற்ற தகப்பன் நான் ஒருவன் இருக்கும்போது, என் குழந்தை யாருமில்லாதவளாகப் போகக் கூடாது.