பீப்பாய்ல ஏதுடா கார்க்கு?

...ரசனையாம் ரசனை. ஒயின் ருசி பாக்கன்னு பஸ்ஸுல வந்து எறங்குறாங்க மேடம், ஆளுக்கொரு கிளாசைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டு. மாட்டுக்கு மணி கட்டின கணக்கா. ஒரு வாய் உள்ள போனதும் கண்ணை மூடிக்கிட்டு, "ஆகா, செர்ரிப் பழம்." அடுத்த வாய்க்கு, "வெனிலா தெரியுது பாரு." வெனிலா வேணும்னா ஐஸ்கிரீம் கடைக்குப் போக வேண்டியதுதான? பர்கண்டி வரைக்கும் எதுக்கு வரணும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க... இல்ல இல்ல, நீங்க எந்திரிக்க வேணாம். அந்தப் பூந்தொட்டிய நடுவுல வைங்க, நான் இந்த ஓரமா உக்காந்துக்கறேன். கல்லறைக்குக் கொண்டு போறீங்களா? ஆமா, இன்னிக்குக் கல்லறைத் திருநாள்ல. சாமந்தி... வாசனையா இருக்குமே. இருக்கா? ம்.

ரயிலு லேட்டாம். அந்தப் பலகையில போட்டுருக்கான் பாருங்க. எவ்வளவு லேட்டுன்னு போட மாட்டான். போட்டா நாம நிம்மதியா இருந்துடுவோம்ல.

நான் அந்த பஸ்ஸுக் கூட்டம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். நாங்க மூணு பேரு. நான், எர்வே, கஸ்பாரு. லியோன்ல ஒண்ணாப் படிச்சோம். தலையெல்லாம் நரைச்சும் வருசா வருசம் இந்த வாரக் கடைசிக்கு இங்க வந்துடுறது. மத்தபடி எனக்குன்னு யாரும்... அது கெடக்கட்டும். ஒயின் போடுறவங்க வீடா ரெண்டு மூணு எடம் போவோம், கடைசியில ரக்கோ வீடு. ரக்கோவத் தெரியும்தான உங்களுக்கு? தேவாலயத்துக்குப் பின்னாடி, நீலக் கதவு. அவர்தான். பெரியவரு சகல புனிதர் திருநாளுன்னு கூடப் பாக்காம நேத்து எங்களுக்காக ஒயின் நிலவறையத் தொறந்து வெச்சாரு.

இந்தத் தடவ எர்வே ரூம் போட்டான். எப்பவும் கஸ்பாரு அத்தை வீட்டுலதான் படுப்போம். மெத்தையில பாதி பஞ்சு இருக்காது, ஆனா காலையில முட்டை தருவா. இப்போ எர்வேக்குப் புதுப் பொண்டாட்டி, அதனால சொகுசு விடுதி. அங்க பீப்பாய் மாதிரியே ஒரு தொட்டி செஞ்சு வெச்சுருக்கான். அதுல வெந்நி. வெந்நியில திராட்சைத் தோல அரைச்சுப் போட்டு அதுக்குள்ள உக்காரணுமாம், உடம்புக்கு நல்லதாம். "ஏண்டா, நான் என்ன ஊறுகாயா?"ன்னு கேட்டுட்டுப் போய்ப் படுத்துட்டேன். கஸ்பாரு எறங்குனான். வெளிய வரும்போது வேகவெச்ச பீட்ரூட்டு கணக்கா வந்தான். "மனசே லேசாயிருச்சுடா"ங்குறான். லேசாத்தான் ஆகும், மூளை வெந்துட்டா.

அப்புறம் இவ. மாய்லிஸ். எர்வேயோட புதுசு. நல்ல பொண்ணுதான், இல்லேங்கல. ஆனா மூணு பேருக்குன்னு இருக்குற எடத்துல நாலாவதா ஒரு ஆளு... இவ துப்பவே மாட்டேங்குறா மேடம். நாங்கல்லாம் வாயில வெச்சு, நாலு பக்கமும் உருட்டி, வாளியில துப்பிடுவோம். ஒரு நாள்ல அத்தனையும் முழுங்குனா நாக்கு எங்க இருக்கும், ஆளு எங்க இருப்பான்? இவ முழுங்குறா. கேட்டா, "நல்லாத்தான இருக்கு, ஏன் துப்பணும்?"

போதாக்குறைக்கு சென்ட்டு. நிலவறைக்குப் போற அன்னிக்கு சென்ட்டு அடிக்கக் கூடாதுங்கறது பச்சப்புள்ளைக்கும் தெரியும். இவ பூசிக்கிட்டு வந்து கார்ல ஏறிட்டா. எர்வே வண்டிய ஓட்டிக்கிட்டே, "என்னடி இது, பூக்கடைய உடைச்சுட்டு வந்தியா?"ன்னு கத்துறான். பெட்ரோல் பங்குல எறங்கிக் கழுத்தக் கழுவிட்டு வந்தா, பாவம். பின்னாடி உக்காந்தா கஸ்பாருக்கு வாந்தி வரும், அதனால பின்சீட்டுல அவ பக்கத்துல இருந்தது நாந்தான். நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். சொல்லலாம்னு... சரி.

எங்க கூட்டத்துல எனக்குப் பேரே மூக்குதான். "டேய் மூக்கு, இத மோந்து சொல்றா." நான் தலையாட்டுனாத்தான் அவனுங்க வாங்குவானுங்க. ஒரு தடவ ரெண்டு அடுத்தடுத்த தோட்டத்துச் சரக்க மாத்தி ஊத்திட்டாரு ரக்கோ, நான் கிளாசை மோந்ததுமே சொல்லிட்டேன். அன்னிலேருந்து பெரியவருக்கும் நான்னா ஒரு இது.

அந்த ரக்கோதான் இப்போ என் மொகத்துல முழிக்க மாட்டேங்குறாரு. இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு முடியறதுக்குள்ள நான் போய் ஒரு வார்த்தை சொல்லலேன்னா எர்வேயும் கஸ்பாரும் கூட முழிக்க மாட்டாங்களாம். எல்லாம் ஒரு தும்மலால.

சிரிக்காதீங்க. நடந்தத சொல்றேன் கேளுங்க. ரக்கோ பாட்டிலத் தொறந்து ஊத்துற ஆளு கிடையாது. நேராப் பீப்பாய்தான். மேல ஏறி, நீளமா ஒரு கண்ணாடிக் குழாய உள்ள விட்டு, கட்டைவிரலால மேல்வாயை அடைச்சு, அப்பிடியே எடுத்து நம்ம கிளாசுல விடுவாரு. நாம மோந்து, குடிச்சு, மிச்சம் இருக்குறத அவரே வாங்கித் திரும்பப் பீப்பாய்லயே ஊத்திடுவாரு. ஒரு சொட்டு வீணாக்க மாட்டாரு.

நேத்து அங்க எங்களுக்கு முன்னாடியே ஒரு பெல்ஜியத்துக்காரரு நின்னுக்கிட்டு இருந்தாரு. வியாபாரி. ரக்கோ போடுற ஒயின்ல பாதிய வருசா வருசம் எடுக்குறது அவர்தானாம். எர்வே சும்மா இருப்பானா? "இவன் மூக்கு பொய் சொல்லாது சார்"னு என்னை அறிமுகப்படுத்தி வெச்சான். வாய்க்கொழுப்பு.

கிளாசு வந்துச்சு. எல்லாரும் மோக்குறாங்க. நான் உடனே எதுவும் சொல்றதில்ல. மத்தவங்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்குவேன். இப்போ கொஞ்ச நாளா அப்பிடித்தான். எர்வே மூஞ்சியில ஒண்ணும் இல்ல. கஸ்பாரு மூஞ்சியில எப்பவுமே ஒண்ணும் இருக்காது. இவ இருக்காளே, மாய்லிஸ்... கிளாசை மூக்குகிட்ட கொண்டு போனா. மூக்கு சுருங்குச்சு. மேல் உதடு கோணிக்கிச்சு. கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. ஓகோ, இதுல என்னமோ இருக்குடான்னு பட்டுச்சு எனக்கு. அவளுக்கே தெரியுதுன்னா பெருசாத்தான் இருக்கும்னு, அவ வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி முந்திக்கிட்டேன். கிளாசை எறக்கி, பெருமூச்சு விட்டு, "மன்னிக்கணும் ஐயா. கார்க்கு கெட்டுருக்கு"ன்னுட்டேன்.

பாட்டில் வாயை அடைக்கிற கார்க்குல ஒரு பூஞ்சை புடிக்கும் மேடம். புடிச்சா ஒயின் நனஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறும். அது ஒரு சாதாரண விசயம், ஓட்டல்ல பாட்டிலத் திருப்பி அனுப்புவாங்களே, அதுதான்.

அப்பத்தான் அவ தும்முனா. ஒண்ணு இல்ல, வரிசையா. நிலவறைக் குளிரு. தும்மல் வர்றதுக்குத்தான் மூஞ்சி அப்பிடிப் போயிருக்கு.

அப்புறம் கஸ்பாரு மெதுவா, "டேய் மூக்கு... பீப்பாய்ல ஏதுடா கார்க்கு?"ன்னான். அவ்வளவுதான், சிரிச்சானுங்க பாருங்க. எர்வே செவுத்தப் புடிச்சுக்கிட்டான். ரக்கோவும் சிரிச்சாரு, "தம்பிக்குக் களைப்பு"ன்னாரு. பெரிய மனுசன், கை குடுத்து வெளிய தூக்கி விடுறாரு. நானும் கூடச் சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். ஒரு வருசம் கிண்டல் பண்ணுவானுங்க, என்ன போச்சு?

நான் புடிச்ச முயலுக்கு மூணே காலு. "பாட்டில் கார்க்கு இல்லேன்னா அப்போ இந்த அறையே கெட்டுருக்கு"ன்னேன். "உத்தரத்துல, மரத்துல, எல்லாத்துலயும் ஏறியிருக்கு. எந்தப் பீப்பாயும் தேறாது"ன்னேன். அப்பிடி நடக்கும் மேடம், நான் இல்லாததச் சொல்லல, அப்பிடி ஆன நிலவறைய இடிச்சுக் கட்டுனவங்க இருக்காங்க. நடக்கும். ஆனா அங்க நடந்திருக்கான்னு எனக்கு... 

ரக்கோ சிரிப்ப நிறுத்திட்டாரு. அந்த பெல்ஜியத்துக்காரரு இன்னொரு தடவ மோந்தாரு. அப்புறம் இன்னொரு தடவ. ஒருத்தன் இருக்குன்னு சொல்லிட்டா இருக்குற மாதிரித்தான் தோணும், அது யாரு மூக்கா இருந்தாலும். கிளாசைப் பீப்பாய் மேல வெச்சுட்டு, கைக்குட்டைய எடுத்து விரலத் தொடச்சுக்கிட்டாரு. ரக்கோ எல்லாரு கிளாசையும் வாங்கி மிச்சத்தப் பீப்பாய்ல ஊத்துனாரு. என் கிளாசை மட்டும் தரையில கவுத்தாரு. சரளைக்கல்லு தரை, சத்தமே வரல.

காலையில எர்வே சொல்லிட்டான். "இன்னிக்கு மத்தியானம் ரக்கோ வீட்டுல சாப்பாடு. அந்த பெல்ஜியத்துக்காரரு சாப்பிட்டுட்டு ஊருக்குக் கெளம்புறாரு. அவரு கெளம்பறதுக்கு முன்னாடி வந்து, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. இல்லேன்னா என் கார்ல இனிமே நீ ஏறாத." நான் பையத் தூக்கிக்கிட்டு நடந்து வந்துட்டேன். ஏறலடா உன் கார்ல. ரயிலு இல்ல?

சொல்றது ஈசி. "தப்பாச் சொல்லிட்டேன்." ஆனா அந்த பெல்ஜியத்துக்காரரு நம்பணுமே. கூட்டாளிங்க கெஞ்சி அனுப்பிருக்காங்கன்னு நினைப்பாரு. "பரவால்ல, பரவால்ல"ம்பாரு, நெஞ்சுல கை வெப்பாரு, ஊருக்குப் போயி வேற எடத்துல சரக்கு எடுத்துடுவாரு. சோதனைச் சாலைக்கு அனுப்புனா முடிவு வர்ற வரைக்கும் அவரு காத்துக்கிட்டு இருப்பாரா? பொய் சொல்லாத மூக்கு சொல்லியிருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்? நான் என்னத்தச் சொன்னாலும் அவரு நம்ப மாட்டாரு. ஒண்ணே ஒண்ணத் தவிர.

...பிப்ரவரியில ஒரு காய்ச்சல் வந்துச்சு மேடம். காய்ச்சல் போறப்போ கூடவே இதுவும் போயிருச்சு. ஆமா, மூக்கு. எதுவும் தெரியாது. காபி வெறும் வெந்நி. சோப்பு வெறும் மெழுகு. அடுப்புல சட்டி தீஞ்சு, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவ இடிச்சப்புறம்தான் எனக்குப் புகையே கண்ணுக்குப் பட்டுச்சு. டாக்டரு வரும்ங்குறாரு. எப்போன்னு சொல்ல மாட்டேங்குறாரு, இந்த ரயில்காரன் மாதிரி.

ஏன் சொல்லலேன்னா... எப்பிடிச் சொல்றது? ரெஜிஸ்ங்கறது என் பேரு. அவனுங்க அப்பிடிக் கூப்பிட்டே எத்தனையோ வருசமாச்சு. மூக்குன்னு கூப்பிடுறானுங்க. மூக்கு இல்லேன்னா அப்புறம் அந்தக் கார்ல நான் யாரு? கஸ்பாரு கதை சொல்லுவான். எர்வே வண்டி ஓட்டுவான், ரூம் போடுவான். இவ கூட, அந்த மாய்லிஸ், சிரிக்கிறா, ரக்கோகிட்ட அவரு செத்துப்போன சம்சாரத்தப் பத்திக் கேக்குறா. நாங்க இத்தனை வருசத்துல ஒரு தடவ கேட்டதில்ல. நான் என்னத்துக்குப் போறேன்? போன வருசம் என்ன வாசம் வந்துச்சுன்னு ஞாபகத்துல வெச்சுக்கிட்டு, கலரப் பாத்து, அவனுங்க மூஞ்சியப் பாத்து ஒப்பேத்துனேன். கழுத்துல கிளாசு கட்டிக்கிட்டு வர்றவன் பொய் சொல்றதில்ல மேடம். செர்ரின்னா அவனுக்கு நெசமாவே செர்ரி தெரியுது.

ரயிலு சத்தமா அது? இல்ல, லாரி.

மேடம், ஒரு உதவி செய்வீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. இது... மருந்து பாட்டில் இல்ல. நேத்து வாசல்ல வெச்சு ரக்கோ குடுத்தாரு. அதே பீப்பாய்ல எடுத்தது. "உனக்கு எந்த மூக்கு மேல நம்பிக்கையோ அதுகிட்ட கொண்டு போய்க் காட்டு"ன்னாரு. கொஞ்சம் மோந்து பாருங்க. குடிக்க வேணாம். மூடிய நான் தொறக்குறேன்... கிட்டக்க. இன்னும் கிட்டக்க வெச்சுக்கோங்க.

உங்களுக்குத் தும்மல் எதுவும் வரலையே?

நனஞ்ச அட்டைப்பெட்டி? பழைய ஈரத் துணி? மூடியே கெடந்த ரூமு? இல்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்ல... அப்போ என்ன இருக்கு? ஒண்ணும் விசேசமாச் சொல்ல வேணாம், வாயில வர்றதச் சொல்லுங்க. ஜாம் காய்ச்சுற சட்டியா? அடியில லேசாப் புடிச்சு நிக்குமே, அந்த எடமா? ம். அப்புறம்? ...மழை வர்றதுக்கு முந்தி. சரி. சொல்லிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நல்லா இருக்கு, என்ன? நல்லா வந்திருக்கு பெரியவருக்கு இந்த வருசம்.

இதோ வந்துருச்சு உங்க ரயிலு. தொட்டியக் குடுங்க, நான் ஏத்தி விடுறேன்... புடிச்சுக்கிட்டீங்களா? படி உசரம், பாத்து. இல்ல மேடம், நான் ஏறல. அடுத்ததுல... போங்க நீங்க, கதவு மூடப் போறான்.

...அலோ, எர்வே? நாந்தான். ஸ்டேசன்ல இருக்கேன். இல்ல, போகல. சாப்பிட உக்காந்தாச்சா? சூப்பா? சரி. அந்த பெல்ஜியத்துக்காரரு இருக்காரா? அவரை எந்திரிக்க விடாத. கடைசியில வர்ற பாலாடைக்கட்டி வரைக்கும் எப்பிடியாவது இழுத்துப் புடி, கஸ்பாரக் கதை சொல்லச் சொல்லு. நான் நடந்தே வந்துடுறேன். டேய், கத்தாத, கேளு. அவருகிட்ட என் மூக்கப் பத்தி ஒண்ணு சொல்லணும். மன்னிப்புக் கேக்க வரல. அதுன்னா காலையிலயே கேட்டுருப்பேன்டா.