ஆனந்தராஜா அண்ணையும் மூன்று சரியான பதில்களும்

தென்கரை ஐஸ் ஹொக்கிக் கழகத்தின் உபகரணங்களை இருபத்தொன்பது ஆண்டுகள் காத்தவரே, எங்கள் ஸ்கேட் சப்பாத்துகளின் கூரும் எங்கள் குணங்களின் குறையும் ஒருங்கே அறிந்தவரே, இலண்டன் ஸ்ட்ரெதம் வாழ் பெருந்தகை ஆனந்தராஜா அண்ணையே,

இந்த மடல் உடைமாற்றும் அறைச் சுவரில் தொங்கப்போகிறது. இனி வரும் ஆட்டக்காரருக்கும் விளங்கட்டும் என்று, உங்களை ‘அவர்’ என்றே எழுதுகிறோம்.

அவருக்குப் பிடிபடாத சின்னச் சிக்கல் ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மூன்று பகுதி ஆட்டமொன்றின் இரண்டாம் பகுதியில், எங்கள் ஆட்டக்காரர் யதுசன் முழு வேகத்தில் வந்த ஒருவரோடு மோதி, தலை அடிபட விழுந்தார். அவரைப் பெஞ்சில் இருத்தி, தலை கலங்கியிருக்கிறதா என்று அறிய எங்கள் முதலுதவித் தாதி சிவமலர் வழமையான மூன்று கேள்விகளைக் கேட்டார்.

“எத்தினையாவது பகுதி ஆடுறம்?”

“ரெண்டாவது.”

“ஸ்கோர்?”

“மூண்டுக்கு ரெண்டு. நாங்கள் பின்னுக்கு.”

“ஆரோட விளையாடுறம்?”

அதையும் சரியாகச் சொன்னார். பிறகு ஆனந்தராஜாவின் பக்கம் திரும்பினார். “அண்ணை, என்ர ஸ்கேட் எங்க?”

ஸ்கேட் யதுசனின் காலில்தான் இருந்தது. பகிடி என்று நினைத்து ஆனந்தராஜா சிரித்தார். ஆனாலும் மனம் கேட்காமல் பயிற்றுநர் குகதாசனிடம் போய்ச் சொன்னார்.

“மூண்டுக்கும் சரியாச் சொல்லிப்போட்டான். விடுங்கோ அண்ணை,” என்றார் குகதாசன். அந்தச் சொல்லை அப்படியே எழுதும்படி குகதாசனே கேட்டுக்கொண்டார்.

திரும்பவும் ஆட இறங்கிய யதுசனுக்கு மூன்றாம் பகுதியில் தலையில் இரண்டாவது அடி விழுந்தது. நடுவர் விசில்கூட ஊதவில்லை. விதிப்படி அது சரியான மோதல். இன்று யதுசனுக்கு வயது இருபத்தெட்டு. கணினித் திரையை ஐந்து நிமிடம் பார்க்க ஏலாது. வேலை போய்விட்டது. விம்பிள்டனில், திரை இழுத்த அறையில் இருக்கிறார்.

இங்கே ஆட்டம் மாறிய கதையைச் சொல்லவேண்டும். ஆனந்தராஜா சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு அணியிலும் சண்டைக்கென்றே ஒரு தடியர் இருந்தார். கையுறையைக் கழற்றி எறிவார்கள், மூக்கு உடையும், இருவரும் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் இருப்பார்கள். இரத்தத்தைக் கழுவியவர் இவர்தான். பிறகு விதிகள் இறுகின. மட்டையால் இடுப்பில் கொளுவி இழுப்பதற்கும், கையால் பிடித்து வைப்பதற்கும் நடுவர்கள் விடவில்லை. ஆட்டம் வேகமானது, மெதுவான தடியருக்கு அணியில் இடமில்லை. சண்டை ஓய்ந்ததென்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் அந்த அசிங்கமான கொளுவல்தான் வருகிறவனுக்குப் பிரேக்காக இருந்தது. அது போனதும் முழு வேகத்திலேயே மோதினார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்கு. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். வாளியைச் சட்டென நிறுத்தினாலும் உள்ளே தண்ணீர் போய் அடிப்பதுபோல மூளை போய் அடிப்பதை அதனால் தடுக்க ஏலாது. இரத்தம் வராததால் காயம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் அவர் யதுசனைப் பார்க்கப் போவார். ஒருநாள் யதுசன் கேட்டார்: “அண்டைக்கு நான் உங்களிட்ட என்ன கேட்டனான்?”

“ஸ்கேட் எங்க எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“சிரிச்சனான்.”

இதை எங்களிடம் சொன்னவர் ஆனந்தராஜாவேதான்.

தலை கலங்கிய ஒருவன் மூன்றுக்கும் எப்படிச் சரியாகப் பதில் சொன்னான்? அடுத்த ஆட்டத்தில், பெஞ்சில் கழன்ற ஆணியை முடுக்குவதற்காக யதுசன் இருந்த இடத்தில் அவர் குந்தினார். நிமிர்ந்தார். நேர் எதிரே புள்ளிப் பலகை. பகுதி, ஸ்கோர், எதிரணியின் பெயர், மூன்றும் சிவப்பு வெளிச்சத்தில். யதுசன் நினைவிலிருந்து சொல்லவில்லை, வாசித்திருக்கிறார்.

சிவமலர் புதிதாக ஐந்து கேள்விகள் எழுதினார். ஒரு மாதத்துக்குள் எங்கள் வீரர்கள் அவற்றையும் பாடமாக்கிவிட்டார்கள். விளையாட வேண்டும் என்கிறவனிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை என்று ஆனந்தராஜாவுக்கு விளங்கியது.

அவர் கண்ட வழியைக் குகதாசன் எதிர்த்தார். “ஆள் குறைஞ்சால் தோத்துப்போவம் அண்ணை.”

“தோப்பம்,” என்றார் அவர்.

தோற்றோம். இந்தப் பருவத்தில் தலையில் அடிபட்ட ஏழு பேரை ஆடவிடாமல் இருத்தினோம். ஐந்து ஆட்டங்கள் போயின. மோதல்கள் குறையவில்லை, குறையும் என்றும் நாங்கள் நம்பவில்லை. யதுசனுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. இந்தப் பாராட்டு ஆனந்தராஜாவை ஆற்றாது என்பதும் தெரியும்.

ஆனந்தராஜா அண்ணை, நோய்நொடியின்றி, ஞாயிறுகள் எல்லாம் உங்கள் கையில் இருக்க, நீடு வாழ்க. தலைக்கவச அலுமாரியின் பூட்டுத் திறப்பை, ஓய்வுபெறும் உங்களிடமிருந்து, இன்று சிவமலர் வாங்கிக்கொள்கிறார். நீங்கள் கண்ட ஒழுங்கு இது: தலையில் அடிபட்டவரிடம் எதுவும் கேட்பதில்லை, அவருடைய தலைக்கவசத்தைக் கழற்றி, மாற்றுத் தலைக்கவசங்களோடு சேர்த்து அலுமாரியில் பூட்டவேண்டும், தலைக்கவசம் இல்லாதவரை நடுவர் பனியில் இறங்க விடமாட்டார், மருத்துவர் கடிதம் வந்த பிறகே பூட்டைத் திறக்கவேண்டும்.

இங்ஙனம்,
சிவமலர், குகதாசன், கழகப் பணியாளர்கள்