கடல் எந்தப் பக்கம் என்று காட்டிய திரு. பன்னீர்செல்வம் அவர்களுக்கு

காலை ஏழு நாற்பது. உங்கள் வண்டி பயிற்சி மையத்தின் வாசலில் வந்து நிற்கும் நேரம். மூன்றாண்டுகளில் ஒரே ஒரு நாள்தான் அது வரவில்லை.

ஒலிக்குத் திசை தந்தவரே! இருட்டுக்குள் கடலைக் கொண்டுவந்தவரே! இன்று, 2009 ஜூன் 30, நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். ஒலிப்பிரிவின் ஒன்பது பேர் வணங்கி எழுதுகிறோம்.

சுனாமிக்குப் பின் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கட்டிய இந்த வட்ட அறையில், சுற்றிலும் பதினாறு ஸ்பீக்கர்களைப் பொருத்தியவர் நீங்கள். முதலில் திரையில் கடல் தெரியும். பிறகு விளக்கு அணையும். இரைச்சல் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஓட வேண்டும். கரையோர மக்களுக்கு அவ்வளவுதான் பாடம். அந்த இரைச்சலுக்காக ஆலம்பரைக் கோட்டையோரம் மைக்குடன் நாற்பது நாள் நின்றீர்கள். அதைவிட, தண்ணீர் உள்வாங்கும்போது விழும் அமைதிக்குத்தான் அதிகம் உழைத்தீர்கள். முதல்முறை கேட்டபோது எங்களில் இருவர் வெளியே ஓடிவிட்டார்கள்.

"இன்னாப்பா, ஏசி ரூம்லயே நனஞ்சிட்டீங்களா?" என்று சிரித்தீர்கள்.

தவறு எங்களுடையது. மார்ச்சில் சுவருக்கு வண்ணம் அடிக்க ஸ்பீக்கர்களைக் கழற்றினோம். ஸ்பீக்கர்களுக்கு எண் போட்ட துரை திரையைப் பார்த்து நின்றார். வயர்களுக்கு எண் போட்ட ஸ்ரீதேவி திரைக்கு முதுகு காட்டி நின்றார். இருவரும் தமக்கு நேரெதிரே இருந்ததை ஒன்று என்றார்கள். அந்த எண்களை வைத்தே மறுபடி மாட்டினோம். ஒவ்வொன்றையும் காலையில் கேட்டுப் பார்க்கும் நீங்கள் மறுநாள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள்.

அன்று கடப்பாக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். திரையில் பார்த்த கடல் இருட்டில் முதுகுக்குப் பின்னால் இரைந்தது. எல்லோரும் திரையை நோக்கி ஓடினார்கள். உள்ளே ஒலிப்பது கேட்காத கண்காணிப்பு அறையிலிருந்த நாங்கள், தவறு என்று திருப்பி அனுப்பினோம். மீன் விற்கும் ஜெகதாம்பாள் மட்டும் வாதாடினார்.

"சத்தம் பின்னால இருந்து வருது நைனா. அம்பது வருசமா கடல கேட்டுகினு கீற காது இது."

பயிற்சியாளர் கார்த்தி சொன்னார்: "பயத்துல அப்படித்தாம்மா கேக்கும். காத நம்பாதீங்க."

மூன்றாம் முறை அவரும் இரைச்சலை நோக்கியே ஓடினார். கைதட்டினோம். சான்றிதழ் கொடுத்தோம்.

மறுநாள் வந்த நீங்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தீர்கள். பழியை உங்கள் பெயரில் எழுதிக்கொண்டீர்கள். கடப்பாக்கம் போய்ப் பதினொரு பேரை அழைத்துவந்து மறுபடி ஓடவைத்தீர்கள். ஜெகதாம்பாள் அதற்குள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதுவும் ஏதோ ஒரு குப்பம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் ஒவ்வொரு குப்பமாக இறங்கித் தேடுகிறீர்கள். எங்களை ஒரு சொல் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் நாங்கள் தூங்கியிருப்போம்.

குன்றாத உடலோடும் கூர்மையான செவியோடும் நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். இனி ஞாயிறுகளில் நாங்களும் வருகிறோம்.

புகழை எழுத வேண்டாம், நான் கேட்பதை மட்டும் எழுதுங்கள் என்று நேற்றுச் சொன்னீர்கள். நீங்கள் கேட்டது இது:

"இன்னிக்கு தண்ணி வந்தா, அந்தம்மா எந்தப் பக்கம் ஓடும்?"