கதவு ஸ்பீக்கரில் கேட்ட இரண்டாவது குரல்

சாட்சியின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்று. தொழில், கார்களுக்கு ஆடியோ செட் பொருத்துவது. சாட்சி கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் வசித்து வருகிறேன். என் கடை பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில், டயர் கடைக்கு அடுத்தது. என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'சவுண்டு' கடை என்றால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். இறந்துபோன பெண் என் அக்காளின் ஒரே மகள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அப்படியெல்லாம் எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னார். முழுப் பெயரைச் சொன்னால் யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிப் பேசுவது போல் இருக்கிறது என்று நான் சொன்னதன் பேரில், வாலு என்றே எழுத ஒப்புக்கொண்டார்.

அக்காளின் கணவரை நான் அத்தான் என்று அழைப்பேன். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். வாலு திருமணமாகி, கணவனுடன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். சம்பவ நாளன்று காலையில் அவள் அக்காளுக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, அப்பாவை வரச் சொல் என்று கூறியிருக்கிறாள். அத்தான் சவாரியை இறக்கிவிட்டு நேராக அங்கே கிளம்பினார். பாலத்தைத் தாண்டியபோது அவர் போனுக்கு வாலுவின் குரல் பதிவு ஒன்று வந்தது. அதில், "அப்பா... நான் நல்லாதான் இருக்கேன். சும்மா தலைவலி. நீங்க இப்ப வர வேணாம். அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. நான் அப்புறம் பேசுறேன்" என்று இருந்தது. அதைக் கேட்ட அத்தான் நிம்மதியாகி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவள் மாடிப்படியில் விழுந்து இறந்துகிடப்பதாக அவள் கணவன் போன் செய்தான். விடியற்காலையிலேயே வேலையாக வெளியூர் போய்விட்டதாகவும், திரும்பி வந்து பார்த்தபோதுதான் தெரிந்ததாகவும் சொன்னான். தவறி விழுந்த மரணம் என்று விசாரணை முடிக்கப்பட்டது. நாங்களும் எங்கள் தலையெழுத்து என்று நம்பினோம்.

அதன் பிறகு அத்தானுக்கு அந்தப் பதிவுதான் எல்லாம். சவாரிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்பார். கடைசியாகப் பேசும்போதுகூட நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னாள், வலியில் சாகவில்லை, ஒரு நொடியில் போய்விட்டாள் என்று அதை வைத்துத்தான் அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அவருடைய போன் பலமுறை கீழே விழுந்தது. அதன் ஸ்பீக்கரில் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் இருக்கும். காரில் செட் வைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால், காசு கொடுத்துச் செவிடாகிறவர்கள் என்று என் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்யும் மனிதர், ஒருநாள் காரை என் கடை முன்னால் நிறுத்தி, "மச்சான், நல்ல செட்டாப் பாத்துப் போடு. எம் பொண்ணு பக்கத்து சீட்டுல உக்காந்து பேசுற மாதிரி கேக்கணும்" என்றார். அக்காளும் எனக்குப் போன் செய்து, "முடிஞ்சதும் என்னையும் கூப்பிடுடா. அவ அம்மான்னு சொல்றத நான் ஒரு தடவையாவது நல்லாக் கேக்கணும்" என்று சொன்னாள்.

முன்கதவுகளில் பெரிய ஸ்பீக்கர்களும், கண்ணாடி ஓரத்தில் ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர்களும் பொருத்தி, ஆம்ப்ளிஃபயரை முன் சீட்டுக்கு அடியில் வைத்தேன். அதன் பிறகு செய்தது என்ன என்று அதிகாரி கேட்டதற்கு, கெயினும் கிராஸ்ஓவரும் வைத்தேன் என்று சொன்னேன். விளக்கமாகச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகு என்று ஊரே நினைக்கிறது. அப்படி இல்லை. செட்டிலிருந்து வரும் ஒலிக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு அது. அளவுக்கு மீறித் திருகினால் குரல் கிழியும். கிராஸ்ஓவர் என்பது பாகப் பிரிவினை. கனத்த ஒலியைக் கதவு ஸ்பீக்கருக்கும், கூர்மையான ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும். பாகப் பிரிவினையில் சண்டை வராத வீடு கிடையாது, இதிலும் அப்படித்தான். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் என் பிழைப்பே இருக்கிறது. எந்தப் பாட்டைக் கேட்கச் செட் வாங்குகிறார்களோ, அதையே ஓடவிட்டு வேலையை முடிப்பது என் வழக்கம். அத்தான் கேட்கப் போவது வாலுவின் குரலை. ஆகவே அவர் போனைச் செட்டோடு இணைத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன்.

அத்தான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான் பின் சீட்டிலிருந்து குனிந்து திருகினேன். கதவு ஸ்பீக்கர்களைத் தனியாகச் சரிபார்ப்பதற்காக ட்வீட்டர் வயர்களைக் கழற்றி வைத்தேன். அப்போது வாலுவின் குரல் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஆனது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. கதவு அட்டை அதிர்கிறது என்று நினைத்தேன். எட்டி அட்டையைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அட்டையைக் கழற்றிப் பின்னால் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி மறுபடி மாட்டினேன், அப்போதும் நிற்கவில்லை. அதன் பிறகு கதவுக்குப் போகும் ஒலியின் மேல் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். முனகல் பேச்சாக மாறியது. ஓர் ஆண் குரல், போனுக்கு மிக அருகில், தணிந்த குரலில், "வர வேணாம்னு சொல்லு" என்றது. உடனே வாலு, "நீங்க இப்ப வர வேணாம்" என்றாள். "அம்மாகிட்டயும் சொல்லச் சொல்லு. அவ்ளோதான்" என்றது அந்தக் குரல். வாலு அதையும் சொன்னாள். அவள் பேசும்போதும் அவன் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. அவள் இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பேசியது தலைவலியால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் சொல்லிக்கொடுப்பதைக் கேட்பதற்காக நிறுத்தியிருக்கிறாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். அது வாலுவின் கணவன் குரல் என்றே எனக்குப் பட்டது. எதைப் பேசினாலும் கடைசியில் 'அவ்ளோதான்' என்று மூடி போடுவது அவன் வழக்கம். அன்று வெளியூரில் இருந்ததாகச் சொன்னவன் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறான். நான் அத்தானின் பின்தலையைப் பார்த்தேன். அவர் அசையாமல் இருந்தார். அவருக்குப் புரிந்திருக்காது என்று நினைத்து, கனத்த ஒலி கதவுக்குப் போகாதபடி திருகினேன். அந்தக் குரல் மறைந்துவிட்டது. மனிதருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலையும் நான் பிடுங்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன், சாட்சியத்தை மறைப்பதற்கு அல்ல. அத்தான் திரும்பிப் பார்க்காமலே, "கைய எடு மச்சான். முன்ன இருந்த மாதிரியே வை" என்றார். நான் வைத்தேன். அவர் கதவு ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். அதன் பிறகு, "இது இத்தனை நாளா இதுக்குள்ளயே இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது, போனில் உள்ள சின்ன ஸ்பீக்கருக்கு அடித்தொண்டைச் சத்தம் வராது என்று சொன்னேன். "அவ எங்கிட்ட பேசவே இல்ல, மச்சான். நாந்தான் அவ எங்கிட்ட பேசுறதா நெனச்சு வண்டியத் திருப்பிட்டேன்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். டயர் கடைக்காரர் கண்ணாடியைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார், நாங்கள் திறக்கவில்லை.

அதன் பிறகு எந்தத் திருகையும் தொடாமல் கடையைப் பூட்டிவிட்டு, அதே காரில் காவல் நிலையத்துக்கு வந்தோம். அதிகாரியும் எழுத்தரும் காரில் உட்கார்ந்து பதிவைக் கேட்டார்கள். நீ எதையாவது சேர்த்தாயா என்று அதிகாரி கேட்டார். ஆம்ப்ளிஃபயரால் உள்ளதைப் பெரிதாக்க முடியும், இல்லாததை உண்டாக்க முடியாது என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைக் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறீர்களே என்றும் கோபத்தில் சொன்னேன். அதற்காக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். வழக்கைத் திரும்ப எடுப்பதாகவும், போனை ஒப்படைக்க வேண்டும் என்றும் அதிகாரி கூறினார்.

போன் உறையில் போட்டு ஒட்டப்படும் முன்பு, பதிவின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ள அத்தான் அனுமதி கேட்டார், கொடுக்கப்பட்டது. "அவன் குரல எடுத்துட்டு எம் பொண்ணு குரல மட்டும் பிரிச்சுக் குடு. உங்க அக்காகிட்ட அத மட்டும் போட்டுக் காட்டலாம்" என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தேன். தாழ்வாக வெட்டினால் அவன் குரலின் மிச்சம் நின்றது. உயர்த்தி வெட்டினால் வாலுவின் குரல் மெலிந்து வேறு யாருடைய குரலாகவோ ஆனது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, எந்த இடத்தில் வெட்டினாலும் அவளும் சேர்ந்து வெட்டுப்படுகிறாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் இருக்கிற ஒரே ஒரு சொல்தான் சுத்தமாக இருந்தது. அது 'அப்பா' என்பது. அதை மட்டும் வெட்டி எடுத்தேன்.

மறுநாள் அக்காளைக் காரில் உட்கார வைத்து அதைப் போட்டோம். செட் நன்றாகத்தான் வேலை செய்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூப்பிடுவது போலவே கேட்டது. அக்காள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அதற்கு மேல் எதுவும் வராததால், "என்னடா நின்னுடுச்சு? அடுத்ததா அம்மான்னு சொல்லுவாளே, அதப் போடு" என்றாள். அது சரியாகப் பதிவாகவில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாள்.

மேலே கண்டவை நான் என் வாயால் சொன்னவை. எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், கூட்டாமல் குறைக்காமல் உண்மையையே சொல்லி இதன் கீழ்க் கையெழுத்திடுகிறேன். அக்காளிடம் சொன்ன பொய் ஒன்றைத் தவிர இந்த விஷயத்தில் நான் வேறு பொய் சொல்லவில்லை.

(ஒப்பம்) சாட்சி
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்) விசாரணை அதிகாரி